குளித்துவிட்டு பஸ் ஏறியவர்

மெர்சி என் பெண்டாட்டியின் தங்கை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகத் தையல் மெஷினில் உட்காருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் கதை எழுதுவாள். நான்கு கதைகள் திரும்பி வந்துவிட்டன. ஐந்தாவதைப் போடுவதாகச் சென்னைப் பத்திரிகை ஒன்று சொன்னது, ஒரு திருத்தத்தோடு.

கதையில் தோல் பதனிடும் டேனரி வேலைக்காரர் ஒருவர் வேலூர் பஸ்ஸில் ஏறுகிறார். பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்துகிறார். இவர் கண்ணை மூடித் தூங்கிவிடுகிறார். அவ்வளவுதான். ஆசிரியருக்கு அது போதவில்லை. அந்த வேலைக்காரர் வழியில் இறங்கி அழ வேண்டும், அப்போதுதான் படிக்கிறவர் மனசு உருகும் என்றார்.

மெர்சி என் வீட்டுக்கு வந்து கதையைப் படிக்கக் கொடுத்தாள். நான் இருபத்திரண்டு வருஷமாக டேனரியில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்க்கிறவன்.

“நீ அழுவியா மாமா?”

“டிக்கெட் எடுத்தவன் எதுக்கு எறங்கணும்? சீட்டு கெடைச்சதே பெருசு. தூங்குவேன்.”

“அப்படித்தான எழுதியிருக்கேன்?”

“இன்னா எழுதின? சுண்ணாம்புச் சட்டையோட பஸ் ஏத்திவிட்டிருக்க. சோப்புப் போட்டுக் குளிச்சி, வேற சட்டை மாத்திட்டுதான் கேட்டைத் தாண்டுவோம். நீயே இப்படி எழுதினா வெளியூர்க்காரன் இன்னா எழுதுவான்?”

அவள் முகம் சுருங்கியது. மற்றவர்கள் எழுதிய கதைகளைப் படித்துப் படித்துக் கை அப்படிப் போய்விட்டது என்றாள்.

“குளிச்சிட்டா அந்தாளு எதுக்கு மாமா மூக்கைப் பொத்தணும்?”

“எனக்கு நடந்ததைச் சொல்றேன். பக்கத்துல உக்காந்தவன் பள்ளிகொண்டா வரைக்கும் நல்லாதான் பேசிட்டு வந்தான். உங்கக்கா போன் பண்ணா. டேனரில இருந்து வர்றேன்னு சொன்னேன். அப்பதான் பொத்தினான்.”

மெர்சி சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தினாள். குளியல் வந்தது, சலவைச் சட்டை வந்தது, போன் வந்தது. தூக்கம் அப்படியே இருந்தது. உடனே ஆசிரியருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள்.

“நல்லா வந்திருக்கும்மா. ஆனா கடைசில அவர் அழுதாதான் போட முடியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். கதை அவளுடையது.

“அழ மாட்டாரு சார். வேலூர் வந்தா எழுந்துப்பாரு.”

அந்தப் பத்திரிகையில் கதை வரவில்லை. வேறொரு பத்திரிகையின் முகவரி எழுதி உறையை என்னிடம் கொடுத்தாள். வேலை முடிந்து குளித்துவிட்டு, தபால் ஆபீசில் சேர்த்தவன் நான்.