அந்தப் பாயிண்டை எதில் போடுவது?

போன ஞாயிறு ஒரு டிராகனிடம் நாங்கள் தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. எப்படி என்று கேளுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் ஆன்லைனில் ஒரு கேம் ஆடுகிறோம். நான் கண்டியில், ரிஸ்வான் கெலிஓயாவில், யாழ்ப்பாணத்துத் துவாரகன் பேராதனையில் ஒரு போர்டிங்கில். லெவல் ஏறும்போதெல்லாம் ஒரு பாயிண்ட் கிடைக்கும். அதை வாளில் போடலாம், வில்லில் போடலாம், நெருப்பு மந்திரத்தில் போடலாம். காயம் ஆற்றும் ஹீலிங்கிலும் போடலாம். போட்டால் போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது.

ஹீலிங்கில் எவன் போடுவான்? ஸ்கோர் ஏறாது, பெயர் மேலே வராது... அடுத்தவன் அடி வாங்கும்போது பின்னால் நின்று பச்சை வெளிச்சம் விட வேண்டும். விருந்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை மாதிரி.

அதனால் ரிஸ்வான் வாள், துவாரகன் நெருப்பு, நான் வில். முந்திய ஞாயிறு டிராகன் சாகப்போகிற நேரம் பார்த்து, முன்னால் நின்ற ரிஸ்வான் செத்துப்போனான்.

"டேய், மருந்து போட ஒருத்தனும் இல்லயா? எத்தன தரம் சொன்னேன்!" ஹெட்செட்டில் கத்தினான்.

"அது என்ட வேலையே? நீ தள்ளி நிண்டிருக்கலாம்தானே," என்றான் துவாரகன்.

"நீ ஓவரா முன்னுக்குப் போயிட்டடா," என்று நானும் எண்ணெய் ஊற்றினேன்.

"சரி மச்சான். வார ஞாயிறும் நான் செத்தா, கேம டிலீட் பண்ணிட்டுப் போயிருவேன். சத்தியமா!"

சொன்ன கையோடு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் லெஃப்ட்!

வேறு ஆள் பிடிக்கலாமே என்பீர்கள். ரிஸ்வானுக்குப் பதிலாக வேறு ஆளா? அப்புறம் யாரைக் கலாய்ப்பது?

ஒரு 'ஸாரி' போட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் செட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. சண்டை போட்டால் மறுநாள் ஒருவன் பேசாமல் ரோல்ஸ் வாங்கித் தருவான், மற்றவன் பேசாமல் சாப்பிடுவான். கேஸ் முடிந்தது.

அதனால் கட்டுகஸ்தோட்டை ட்ராஃபிக்கில் பஸ் நின்றபோது — யோசிக்க அங்கே நிறைய நேரம் உண்டு — சேர்த்துவைத்த பாயிண்ட் எல்லாவற்றையும் ஹீலிங்கில் கொட்டினேன். வில்லுக்கு ஒன்றுகூட இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸாரி கேட்ட மாதிரி ஆகிவிடாதா?

ஞாயிறு வந்தது. டிராகனும் ஒரு லெவல் ஏறி வந்திருந்தது. நெருப்பை ஊதியது. ரிஸ்வான் மேல் பச்சை வெளிச்சம் விட்டேன். பக்கத்திலிருந்து இன்னொரு பச்சை வெளிச்சம் வந்தது. பார்த்தால்... ரிஸ்வானும் தன் மேல் தானே பச்சை வெளிச்சம் விட்டுக்கொண்டிருக்கிறான்!

"ஆர்ரா அது, ஹீலிங் விடுறது?" என்றான் துவாரகன்.

"நான்தான். நீயுமா?"

"ஓம். போன கிழமையே எடுத்திட்டன்."

"நானும் எடுத்துட்டேன் மச்சான்..." ரிஸ்வானின் குரல் மெதுவாக வந்தது.

"நீ ஏன்டா எடுத்த? நீதானே அடிக்கிற ஆளு!" என்றேன்.

"ஒங்க ரெண்டு பேரயும் நம்ப ஏலுமா?"

"அப்ப ஆர் அடிக்கிறது? நல்ல விசருகள்!" துவாரகன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஹெட்செட்டில் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. டிராகன் சுடும், நாங்கள் ஆற்றுவோம். பழைய பலத்தில் நாங்கள் அடிப்போம், அதற்குச் சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும். நடுவில் ரிஸ்வானின் உம்மா சாப்பிடக் கூப்பிட, அவன் போய்ச் சோறு தின்றுவிட்டே வந்தான்.

"இன்னும் சாகலயாடா?"

"ஒருத்தரும் சாகேல்ல. அதுவும் சாகேல்ல. என்ன கறி?" என்றான் துவாரகன்.

"கோழி."

"பார்சல் ஒண்டு அனுப்படா!"

கடைசியில் நேரம் முடிந்து, கேமே எங்களை வெளியே தள்ளியது. டிரா! நாங்கள் சிரித்த சிரிப்பில் என் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ரிஸ்வானைக் குரூப்பில் திரும்பச் சேர்த்தேன். வந்ததும் ஒரு வொய்ஸ் மெசேஜ்: "நான் சாகல்லதானே. அப்ப டிலீட் இல்ல. ஆனா இனிமே சொல்லிட்டு எடுங்கடா!"

சொல்லிட்டுத்தான் எடுக்கிறோம். அடுத்த பாயிண்டை யார் வாளில் போடுவது என்று இந்த வாரம் முழுக்கப் பேச்சு. "நீ எடு மச்சான்", "இல்ல, நீ எடு"... மூன்று பேரும் இப்படியே நிற்கிறோம்.

டிராகன் நீடூழி வாழ்க!