ஈரத்துக்கு ஆகாத டிராக்டர்

எங்கள் வீட்டு டிராக்டருக்கு உடம்பில் எந்தக் குறையும் கிடையாது. ஸ்டார்ட் ஆகாது, அம்புட்டுத்தான்.

விளாங்குடியில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. "ஒரே ஆளு ஓட்டுனது" என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். அந்த ஒரே ஆள் எதற்குத் தலைமுழுகினான் என்று கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துலயும் நொட்டைதான்" என்றார். செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார் பேரையூர் மெக்கானிக். எங்க வீட்டுத் துரை கேட்பாரா? "ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?" என்று கண்மாய்க் கரை மேல் கொண்டுபோய் நிறுத்தினார். சரிவில் உருட்டிவிட்டுக் கியரைப் போட்டால் கிளம்பிவிடும். கோடை முழுக்க ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. சரிவில்லாத உழவுக்காட்டில் அணைத்தால் மறுபடி உயிர் வராது என்று, சோறு தின்னும்போதுகூட எஞ்சினை ஓடவிட்டுத்தான் தின்பார்.

எங்களுடையது மானாவாரிக் கரிசல். மழை பெய்து மண் பதத்துக்கு வந்ததும் உழுது மக்காச்சோளத்தைப் போட்டுவிட வேண்டும். ஈரம் போனால் அந்த வருசமே போச்சு. ஐப்பசியில் நல்ல மழை. காடு பதமாகிவிட்டது, விதையும் வீட்டில் தயார். வண்டியெடுக்கப் போனால், கரை மட்டும் கொழகொழவென்று கிடக்கிறது. கண்மாயில் தண்ணீர் நின்றால் கரை எப்படிக் காயும்? உருட்டிக் கியரைப் போட்டதும், சக்கரம் சுற்றாமல் அப்படியே சறுக்கிப்போய்ச் சகதியில் உட்கார்ந்துகொண்டது.

"ஏங்க, மழை பெஞ்சாத்தான் நமக்கு வண்டி வேணும். மழை பெஞ்சா இது கெளம்பாது. இத எதுக்குங்க வச்சுச் சீராட்டுறோம்?" என்றேன்.

"வாய மூடுறியா? மனுசன் எரிச்சல்ல இருக்கேன்."

நான்தான் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஓடினேன். "அண்ணே, எங்களுக்கும் உழுது குடுங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

"எல்லாருக்கும் ஒரே ஈரந்தானம்மா. ஏற்கெனவே சொல்லி வச்சவுகள முடிச்சுட்டு வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார், பாவம். அதற்குள் மண் வெளுத்துவிட்டது. போட்ட விதை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துக் கருகியது. அடுத்த மழை தாமதம். முந்தி விதைத்தவர்களின் பயிர் வேர் பிடித்துத் தாங்கிக்கொண்டது. எங்கள் காட்டைப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

மாசியில் கரை காய்ந்தது. டிராக்டர் ஒரே உருட்டில் கிளம்பியது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு மூட்டை ஏற்ற இன்னொரு வண்டி தேவைப்பட, எங்கள் வண்டியை ராசா மாதிரி என் வீட்டுக்காரரே ஓட்டிப் போனார். எங்கள் காட்டில் நான் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்காமல்தான்.

"பாத்தியா, எப்புடி ஓடுதுன்னு! சும்மா கொறை சொல்லிக்கிட்டே இருந்தியே."

பின்னால் டிரெய்லர் நிறைய அடுத்தவர் சோளம்.

"எறங்கி வந்து நம்ம காட்டப் பாருங்க" என்றேன்.

"எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். காட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமலே போய்விட்டார்.