லேசான பாடம் ஒன்று தேடி

டொக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிவது ஒரு முழுநேரத் தொழில். சம்பளம் இல்லை, லீவு இல்லை, தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மேலதிகாரிகள். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். அதே தொழிலில் அடிபட்ட சகபாடிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், ஆனால் முழுசாக நம்பமாட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கனடாவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மெடிசினுக்குப் போக முடியாது. முதலில் பல்கலைக்கழகத்தில் சில வருடம் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் என்று நாலோடும் மல்லுக்கட்டி, நல்ல சராசரி எடுத்துக் காட்டிவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும். ஐந்தாவது பாடம் மட்டும் நம் விருப்பம். மற்ற நாலும் கீழே இழுக்கிற சராசரியை இது தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே எனக்கு லேசான பாடம் ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது.

அப்பாவின் சிவப்புப் பேனை

பல்கலைக்கழகத்தில் என்னென்ன பாடம் உண்டு என்று சொல்லும் தடித்த புத்தகத்துக்குக் கலண்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் அதை என்னைவிட அதிகம் வாசித்தவர் அப்பா. காருக்குக் கதவுப்பிடி செய்கிற தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, தேத்தண்ணியோடு இருந்து, சிவப்புப் பேனையால் கோடு போட்டுப் போட்டு வாசிப்பார். பக்கம் ஒன்றிலிருந்து. யாரோ தன்னிடம் சோதனை வைக்கப் போகிற மாதிரி.

வானியல் எடுக்கலாமா என்று கேட்டேன். அதில் வானத்து வெள்ளிகளைப் பார்த்தால் போதும் என்று சிநேகிதி சொல்லியிருந்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "சும்மா கிடக்கிற இடம்தானே பிள்ளை, இன்னொரு கெமிஸ்ட்ரியைப் போடன்."

ஒரு வீடு, ஒரு தொலைபேசி

பாடங்களைத் தொலைபேசியில்தான் பதிய வேண்டும். நம்பர்களை அமத்த அமத்த, பதிவு செய்த குரலில் ஒரு பெண் பதில் சொல்லுவாள். எனக்கு ஒதுக்கியது சனிக்கிழமை காலை பத்து மணி. ஐம்பது நிமிடம் திரும்பத் திரும்ப அடித்து, விரல் நொந்து, ஒருவழியாக இணைப்புக் கிடைத்தது. நாலு பாடமும் பதிந்தாயிற்று. வானியல் நம்பரை அமத்தப்போன நேரம் காதில் 'பீப்' என்றது. அதே நேரம் வீட்டுக்கு வேறு யாரோ கோல் எடுக்கிறார்கள். "மார்க்கம் ரவுனிலையிருந்து பெரியம்மாவாத்தான் இருக்கும், ஒருக்கால் என்னெண்டு கேட்டிட்டுத் தாறன்" என்று அம்மா ரிசீவரை வாங்கினார். பெரியம்மாவேதான். மரக்கறி அடைத்துப் பொரிக்கிற பற்றிசுக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு என்று கேட்க எடுத்திருந்தார்.

திரும்ப இணைப்புக் கிடைத்தபோது வானியல் நிரம்பிவிட்டது. உளவியலும் நிரம்பிவிட்டது. நான் எழுதிவைத்த பட்டியலில் எஞ்சியிருந்தது உலக சமயங்கள் மட்டும். அழாக்குறையாக அம்மாவிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு நினைவிலேயே ஆறுதல் சொன்னார்: "சமயம்தானே, உனக்கென்ன, பாதித் தேவாரம் பாடமாய்த் தெரியும்."

ஆறு பேர், ஒரே கட்டுரை

அந்த வகுப்பின் கடைசி வரிசையில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தோம். ஆறு பேரும் டொக்டர் வேட்பாளர்கள், ஆறு பேருக்கும் லேசான பாடம் வேண்டும். முந்தின வருடம் அதே பாடத்தில் ஏ எடுத்த ஓர் அண்ணை, தன் கட்டுரையைப் பிரதி எடுத்துத் தந்தார். அந்தக் கேள்விதான் திரும்ப வரும் என்று அடித்துச் சொன்னார். நாங்கள் யாழ்ப்பாணத்து டியூசனில் பழகியதைச் செய்தோம். கட்டுரையைக் காற்புள்ளி உட்படப் பாடமாக்கினோம்.

கேள்வி அப்படியே வந்தது. ஆறு பேரும் தலை நிமிராமல் எழுதித் தள்ளினோம். அடுத்த கிழமை பேராசிரியர் ஆறு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஆறு விடைத்தாள்களையும் மேசையில் பரப்பி வைத்தார். பார்த்து எழுதவில்லை சேர் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் நான் எழுந்து, கையைப் பின்னால் கட்டி, கட்டுரையை முதல் வரியிலிருந்து ஒப்புவித்தேன். மூன்றாம் பந்தியில் கையைக் காட்டி நிறுத்தினார். சி போட்டார். சராசரி சரிந்தது. அவர் சொன்னதுதான் இன்னும் சுடுகிறது: "நீங்கள் பார்த்து எழுதவில்லை என்று இப்போது நம்புகிறேன். அதுதான் எனக்குக் கூடுதல் கவலையாக இருக்கிறது."

ஒரு சின்னப் பொய்

அடுத்த தவணைக்கு ஓவிய வகுப்பைப் பிடித்தேன். சோதனை இல்லை, கட்டுரை இல்லை, பாடமாக்க எதுவும் இல்லை. "உது என்னத்துக்கு?" என்று அப்பா கேட்பார் என்று தெரியும். கேட்கமுன்னரே நான் முந்திக்கொண்டேன். மனித உடம்பைப் படிக்கிற டொக்டர்மாருக்குப் படம் கீறத் தெரிய வேண்டும், மெடிசினுக்கு எடுக்கும்போது அதைக் கவனிப்பார்கள் என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். அப்பா கலண்டரை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்தார். பிறகு அந்தப் பாடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். ஓவியமும் காலை வாரினால் சராசரியும் போச்சு, பொய்யும் பிடிபடும்.

அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடைக்குப் போன இடத்தில் அம்மா ஓர் அன்ரியிடம் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். அன்ரி முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் இழவு வீட்டில் பேசுகிற மெல்லிய குரலில் கேட்டார்: "ஏன் பிள்ளை, கெமிஸ்ட்ரி சரிவரேல்லையோ?"

செத்த கை

முதல் வேலை, ஒரு கையைக் கீறி வருவது. என் இடக்கையையே பார்த்துக் கீறினேன். பதினாலு வயதுவரை ஊரில் படித்தவள் அல்லவா, விஞ்ஞானக் கொப்பியில் தவளைப் படம் கீறியதுபோலவே கீறினேன். கூரான பென்சில், ஒரே தடிப்பில் கோடு, நிழல் கிடையாது. அடிமட்டம் வைத்து அம்புக்குறி இழுத்து, பெருவிரல், நகம், மணிக்கட்டு என்று ஆங்கிலத்தில் பெயரும் எழுதிவிட்டேன்.

ஓவிய ஆசிரியை நரைத்த தலையை இரட்டைப் பின்னலாகக் கட்டியிருப்பார். என் தாளை நெடுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நான் நிமிர்ந்து இருந்தேன். "மிகத் துப்புரவு. ஆனால் இந்தக் கையின் சொந்தக்காரர் எப்போது இறந்தார்?"

ஞாயிற்றுக்கிழமைகள்

வேறு ஒருவரின் கையைக் கீறு, ஒவ்வொரு கிழமையும் அதையே கீறு என்றார் ஆசிரியை. அம்மாவின் கை ஓரிடத்தில் நிற்காது. தம்பியைக் கேட்கவே தேவையில்லை. அப்பா தானாகவே முன்வந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபின் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "எலும்பு தெரியுதோ?" என்று அக்கறையாக வேறு கேட்டார். என் பொய் நெஞ்சில் குத்தியது.

அந்தக் கைகளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இடது பெருவிரல் நகம் கறுத்து, பாதி வளர்ந்திருந்தது. புறங்கையில் மெஷின் சுட்ட தழும்பு. சுட்டுவிரலை முழுசாக மடக்க முடியவில்லை. எப்போது நடந்தது என்று கேட்டேன், போன வருடம் என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் தவளையின் குடலைப் படித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அரை மணித்தியாலம் நான் கீறினேன், அவர் இருந்தார், பாதியில் அப்படியே நித்திரையாகிவிட்டார், கை மட்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை. இரசாயனச் சோதனைக்கு முதல்நாள்கூட. அம்மா குசினி வாசலில் நின்று சொன்னார்: "கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம், இந்த மனிசன் ஒரு இடத்திலை இருந்து நான் கண்டதில்லை."

கடிதம்

பெறுபேறு தபாலில் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் உடைப்பது அப்பாதான். இரசாயனம் ஏ. உயிரியல் ஏ. கணிதத்திலும் பௌதிகத்திலும் குறையில்லை. நாலிலும் முன்னைவிடக் கூடுதல் புள்ளி. சராசரியைத் தூக்கிப் பிடிக்க வந்த ஓவியம் மட்டும் பி மைனஸ்.

எனக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்லிவிட்டேன். மெடிசினுக்கு எடுக்கும்போது படம் கீறுவதை யாரும் பார்க்கப் போவதில்லை, லேசாக இருக்கும் என்றுதான் எடுத்தேன், அந்தக் கதை முழுப் பொய் என்றேன். அப்பா கடிதத்தை மடித்துக் கலண்டருக்குள் வைத்தார். "அது எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை, அந்தப் பக்கத்தை வாசிச்சனான்தானே. நீ புத்தகத்தை மூடி வைக்கிறதும் அந்த அரை மணித்தியாலம்தான், நான் ஒரு இடத்திலை இருக்கிறதும் அந்த அரை மணித்தியாலம்தான், அதை ஏன் கெடுப்பான் எண்டு பேசாமல் விட்டன்."

இரண்டாவது முறை விண்ணப்பித்து மெடிசினும் கிடைத்து, இத்தனை வருடம் டொக்டராக இருந்தாயிற்று, ஆனால் அந்த பி மைனசுக்கு விளக்கம் சொல்லு என்று இன்றுவரை ஒரு நோயாளியும் கேட்கவில்லை.