துப்பறிகிறவர் குமுளிக்கு வந்தபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். பிழைகள் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர் போனை நீட்டினார். டி.வி.யில் துப்பறிகிறவராக வந்த அந்த இந்தி நடிகர் இறந்துவிட்டாராம். 'துப்பறியும் மேதை மறைந்தார்' என்று போட்டிருந்தார்கள். மேதைதான். எங்கள் வீட்டு வழக்கு ஒன்றையும் தீர்த்து வைத்தவர், அவருக்கே தெரியாமல்.

அப்போது குமுளி பக்கம் சக்குபள்ளத்தில் எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஒரே டி.வி. ஞாயிறு பூசை முடிந்ததும் லயத்து வீடுகளில் இருக்கிற ஜனம் மொத்தமும் அதன் முன்னால் இருக்கும். இந்தி ஒருவருக்கும் தெரியாது. அதனால் என்ன, கடைசியில் அவர் காதைச் சொறிந்துகொண்டு விரலை நீட்டுவார்; எதிரில் இருப்பவன் தலையைத் தொங்கப்போடுவான். கதை புரிந்துவிடும்.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் என் அக்கா மரியபுஷ்பம் வேலை பார்த்தாள். அந்த வாசனை துணியில் ஏறினால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஒருநாள் ஸ்டோரில் ஒரு மூட்டை காயைக் காணவில்லை. அக்கா மேல் ஏலக்காய் மணக்கிறது என்று கண்டுபிடித்து, மேனேஜர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். ஸ்டோரில் நிற்கிறவள் மேல் மல்லிகையா மணக்கும்?

அந்தச் சமயம்தான் குமுளியில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைக்க அந்த நடிகர் வருவதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு வழி பிறந்துவிட்டது.

"நடந்தத எழுதிக் குடுடா. அவரு கையில சேந்துட்டா போதும்."

'ஏலக்காயை மரியபுஷ்பம் எடுக்கவில்லை. நீங்கள் வந்து விசாரிக்க வேண்டும்' என்று எழுதினேன். இதற்கே ஒரு பகல் போனது.

கூட்டத்தில் முண்டியடித்து அக்கா காகிதத்தை நீட்டினாள். அவர் சிரித்தார். பேனாவை எடுத்து, அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேலே எழுதியிருந்ததை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு ஏது தமிழ்?

"கையெழுத்தே போட்டுட்டாருடா. இனி அவரு பாத்துக்கிடுவாரு" என்றாள், திரும்பி வருகிற ஜீப்பில்.

எனக்கு விஷயம் புரிந்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. என் வாய் சாப்பாட்டுக்குத்தான் ஒழுங்காகத் திறக்கும்.

ஒரு வாரம் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காகிதத்தோடு மேனேஜரிடம் போனாள். நான் துணைக்குப் போய், கதவுக்கு மட்டும் துணையாக நின்றேன். மலையாளியான அவரும் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, கையெழுத்தைத்தான் பார்த்தார்.

"இது ஒரிஜினலா? என் மோளுக்கு இவருன்னா உயிராக்கும்."

காகிதம் டிராயருக்குள் போனது. நாளை முதல் ஜோலிக்கு வரச் சொன்னார்.

அக்கா நகரவில்லை. "நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"அதான் ஜோலி தந்தாச்சே."

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தாள். சாயங்காலம் கேட்டில் மற்றவர்களுடைய பையைத் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அவளுடையதை மட்டும் தரையில் கொட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஸ்டோர் டூரிஸ்டுகள் தங்குகிற இடம். மேனேஜர் எந்த ஊரிலோ, அந்தக் காகிதம் எந்தக் குப்பையிலோ. அக்கா கல்லறையில். அந்த வரி வேறு எங்கும் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏலக்காயை மரியபுஷ்பம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை.