சீசாவில் ஊற்றிய தீர்த்தம்

“மேரி, சீசாவில என்னத்த ஊத்தின?”

“காய்ச்சின தண்ணிதானுங்க சிஸ்டர்…”

“காய்ச்சினதுன்னா அடியில ஏன் வழுவழுன்னு…”

“எனக்கெப்படித் தெரியுமுங்க?”

நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது நடந்தது. 1967, ஆடி மாதம். சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. ஆயா இன்னாசிமேரி, நர்ஸ் இசபெல்லாவிடம் சொன்னது பொய். நோயாளி இறந்து அப்போது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜேடர்பாளையத்து அர்த்தநாரியைக் கட்டுவிரியன் கடித்து, மூச்சு நின்றுபோனது. தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, மூச்சு மிஷினில் சேர்த்தார்கள். மிஷின் தள்ளும் காற்று சீசாத் தண்ணீருக்குள் குமிழியிட்டு, ஈரமாகி, நெஞ்சுக்குள் போகும். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி ஊற்றுவது மேரியின் வேலை.

நாலாம் நாள் விரல் அசைந்தது. பேச முடியாததால் கட்டில் கம்பியை நகத்தால் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு. அவர் மனைவி பழனியம்மாள் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது ஊட்டுக்கு அனுப்பி வையுங்க சாமி என்று அழுதாள். மேரிக்கு மனசு தாங்கவில்லை. ஈஸ்டரன்று கோயிலில் மந்திரித்த தீர்த்தம் அவள் பெட்டியில் இருந்தது. நாலு மாதப் பழசு. யாருக்கும் தெரியாமல் அதைச் சீசாவில் ஊற்றிவிட்டாள்.

ஆறாம் நாள் காய்ச்சல். பச்சையாய்ச் சளி. எட்டாம் நாள் மதியம் 3.10-க்கு உயிர் போனது. விஷம் இறங்கிவிட்டது, தண்ணீரில் வளர்ந்த கிருமிதான் நுரையீரலைத் தின்றது என்றார் டாக்டர்.

மூன்று நாள் கழிந்தது. மேரி இரண்டு மணிக்கு வேலைக்கு வந்தாள்.

சரியாக 3.10.

அர்த்தநாரி கிடந்த, இப்போது பூட்டிய அறைக்குள்… ஸ்ஸ்ஸ்… குபுக்… ஸ்ஸ்ஸ்… குபுக்.

திறந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீசாவில் கலங்கிய தண்ணீர். கட்டில் காலி.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க,” என்று முணுமுணுத்தாள்.

டக்.

கட்டில் கம்பியில்தான்.

டக்.

இரண்டு தட்டு. சீசாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். இசபெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

இசபெல்லா அவள் கையிலிருந்த சீசாவைப் பார்த்தாள்.

“மிஷின் காலையில ஒம்பது மணிக்கே லாரியில மெட்ராஸ் போயிருச்சே மேரி. சீசாவோட.”

இருவரும் போய்ப் பார்த்தார்கள். காலிக் கட்டில். தரையில் மிஷின் சக்கரம் நின்ற நாலு தடம். வேறொன்றுமில்லை.

மேரியின் கையில் சீசா… வெதுவெதுப்பாய்.

அவள் கட்டில் கம்பியைத் தொட்டாள்.

“நாந்தானுங்க ஊத்தினேன்… மன்னிச்சுட்டீங்களா?”