முந்திச் சொன்ன ஸலாம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முழுப்பெயரோடு மரணச் செய்தியாக ஜனாஸா அறிவித்தல் வந்தபோது எனக்கு ஆள் பிடிபடவில்லை. அறிவித்தவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "எங்கட சைக்கிள் சேர்" என்று சேர்த்துச் சொன்னார். கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டேன்.

கல்முனையில் என்னோடு ஒரே பாடசாலையில் புவியியல் கற்பித்த றஊப் சேருக்கு ஊர் வைத்த பெயர் அது; எங்கே போனாலும் சைக்கிள்தான். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கேள்விகளும் நினைவிருக்கும். மேடுபள்ளம் இல்லாத ஊர், கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல். பிறகு ஏன் எல்லோரும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறார்கள்? ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். வெயில் என்றார்கள், முழங்கால் என்றார்கள். மாப்பிள்ளை கேட்டுச் சைக்கிளிலா போவது என்றார் பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒருவர். "பொய்யில்ல, ஆனா உண்மையும் இல்ல" என்று சேர் என்னிடம் சிரித்தார்.

உண்மையைக் கக்கியவர் எங்கள் கணித ஆசிரியர். "சைக்கிள்ல போனாக்கா கடைக்குக் கடை ஸலாம் சொல்லணும் சேர். சொன்னா நிண்டு கதைக்கணும். மோட்டச்சைக்கிள் எண்டா பறந்துரலாம்." வாகனத்தில் போகிறவர்தான் நடப்பவருக்கும் இருப்பவருக்கும் முந்தி ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நம் ஒழுங்கு. சேருக்குப் புதையல் கிடைத்த மகிழ்ச்சி. அதற்காகத்தானே சைக்கிளே என்று ஆசிரியர் அறையெங்கும் சொல்லித் திரிந்தார்.

"அப்ப நீங்க என்னத்துக்கு சேர் கடற்கரை றோட்டால சுத்திப் போற?" என்று கேட்டார் அதே கணித ஆசிரியர். பிரதான வீதியில் இருப்பது சேருடைய காக்காவின் இரும்புக் கடை. வாப்பாவின் வளவுக் காணியைப் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. சேருக்கு வரவில்லை. நல்ல கேள்விதான் என்று சொல்லிவிட்டு யோசிக்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து பிரதான வீதிதான். என்ன நடக்குமோ என்று பார்க்க நானும் ஒரு பழைய சைக்கிளில் பின்னால் போனேன். கடைக்கு நேரே வேகத்தைக் குறைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா" என்பார். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. காக்காவோ தராசையே பார்த்துக்கொண்டிருப்பார். "உதடு அசையுதா எண்டு பாத்தீங்களா?" என்று சேர் என்னிடம் கேட்பார். எனக்கும் ஒருநாளும் விளங்கவில்லை. இதற்கிடையில் வேடிக்கை பார்க்கவென்று இன்னும் சில ஆசிரியர்கள் சைக்கிளோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஜனாஸா அன்று, மையவாடியில் சேரை அடக்கி மண் தள்ளி, துஆவும் ஓதி, ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். காக்கா மட்டும் கப்றடியில் நின்றார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சேரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த வழிதான். கடையடியில் இப்போது நான் முந்தி ஸலாம் சொல்கிறேன். காக்கா வீதிக்கே இறங்கி வந்து பதில் சொல்கிறார். தன்னைப் பற்றித் தம்பி ஏதும் கேட்டானா என்றார் ஒருநாள். கேட்டார் என்றேன். என்ன கேட்டார் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.