ஹிட்டர் ஓடமாட்டான்

எங்கள் தேயிலைத் தோட்டத்து சொப்ட்போல் கிரிக்கெட்டில் நன்றாக விளையாடுகிறவன் வேறு, ஹிட்டர் வேறு. ஹிட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிறவன். ஐந்து ஓவர் மெட்சில் கடைசி மூன்று நாலு பந்துக்குத்தான் அவனை இறக்குவார்கள். பட்டால் சிக்ஸ், படாவிட்டால் அவுட். அவுட்டானாலும் ஒருவரும் ஏசமாட்டார்கள். தட்டிவிட்டு ஓடினால்தான் கேவலம். பத்து வருஷமாக அந்தப் பட்டம் என்னிடம் இருந்தது. கொழுந்து லொறி ஓட்டுகிறவனுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கப்போகிறது?

போன மாதம் ஓப்பநாயக்கவில் மெட்ச். எங்கள் பெக்டரியில் வேலை செய்கிற இருபது வயதுக்காரன் ஒருத்தன் அதற்கு முந்திய வாரம் மூன்று சிக்ஸ் அடித்துத் தொலைத்திருந்தான். கெப்டன் என் தொந்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, இன்னைக்கு அடிக்கலைன்னா அடுத்த வாரம் தம்பிதான் ஹிட்டரு. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வராமல் என்ன செய்யும்? மூக்கு நுனிவரை வந்தது.

நான் இறங்கும்போது மூன்று பந்து மிச்சம், ரன் இரண்டு வேண்டும். முதல் இரண்டு பந்துக்கும் மட்டையை ஓங்கி வீசினேன். காற்றைத்தான் அடித்தேன். கரையில் நின்ற என் வீட்டுக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஹிட்டர் கெனெக்! பஸ்ஸட யன்ன!" என்று, ஹிட்டர் வந்திருக்கிறான், பின்னால் போங்கள் என்று சிங்களத்தில் கத்தி, எதிர் டீம் கெப்டன் எல்லோரையும் எல்லைக்கே அனுப்பினான். ஹிட்டர் ஓடமாட்டான் என்று அவனுக்கும் தெரியும். நடுவில் ஒரு ஆள் இல்லை. ஓங்கி அடித்துப் பட்டால் பட்டமும் மெட்சும் மிஞ்சும். தவறினால் இரண்டும் போகும். தட்டினால் மெட்ச் மட்டும்தான் மிஞ்சும். ஐயோ, என்ன வேதனை!

தட்டினேன். தொந்தி முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். இரண்டாவது ரன்னுக்கு விழுந்துதான் கோட்டைத் தொட்டேன். ஜெயித்தோம்.

"பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டீங்களே, இதுக்கு மட்டும் என்ன ஓட்டம்!" என்று என் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள் வீட்டுக்காரி. டீமில் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், ஒருவரும் ஹிட்டர் என்று கூப்பிடவில்லை. வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு சொன்னபடியே பட்டம் பொடியனுக்குப் போனது. "ஓடத்தான் தெரியுதே, முதல்ல போங்க" என்று கெப்டன் என்னை முதல் ஆளாக இறக்கினார். அடடா, கிரிக்கெட்டில் இத்தனை பந்து இருக்கிறதா! தட்டினேன், ஓடினேன், மூச்சு வாங்கினேன், மறுபடி தட்டினேன். புது ஹிட்டர் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது அவுட்டாவேன் என்று கரையில் காத்திருந்தான். நான் ஆகவே இல்லை.